யாருக்கும் சொல்லாத ஓட்டு

எங்கள் அறை வரிசையில் யாருக்காவது மனசில் வைத்துக்கொள்ள முடியாத சேதி ஒன்று சேர்ந்துவிட்டால், கடைசி அறையில் இருந்த அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். அக்கா அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டிருப்பார். 'ஐயோ' என்றோ 'அப்படியா' என்றோ ஒரு சொல் வராது. அந்தச் சேதி அதற்குப் பிறகு வேறு யார் காதிலும் விழாது.

மலாக்கா டவுனில், ஆற்றுப் பக்கமாக, ஒரு கடைவீட்டின் பின்கட்டில் எங்கள் அறைகள் இருந்தன. சமையல்கட்டும் குளிக்கிற இடமும் எல்லாருக்கும் பொது. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். நான் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில், அந்த அடுப்படியில் நான் யாரோடு எதைப் பேசினாலும் அது மறுநாள் கைகால் முளைத்து எனக்கே திரும்பி வந்தது. அக்காவோடு பேசியது மட்டும் வரவில்லை.

முதல் அறைக்காரிக்கும் பக்கத்து அறைக்காரிக்கும் ஆகாது. இருவருமே அக்காவிடம் வந்து மற்றவளைத் திட்டித் தீர்ப்பார்கள். ஒருநாள் முதல் அறைக்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "அவ என்னைப் பத்தி என்னக்கா சொன்னா?"

"அது அவ குடுத்து வச்சது. உனக்கு எதுக்கு?" என்றார் அக்கா, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

என் முதல் கரு தங்காமல் போனபோது நான் அக்காவின் மடியில்தான் அழுதேன். மாமியாருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார் என்று எனக்குப் பயம். அடுத்த வாரமே மாமியார் பாயா ரும்புட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நான் இல்லாத நேரம் பார்த்து அக்காவிடம், "என் மருமகளுக்கு விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டாராம். "அத உங்க மருமககிட்டதான் கேக்கணும்மா. காப்பி சாப்பிடுறீங்களா?" என்று அக்கா டம்ளரை எடுத்து வைத்தாராம். மாமியாரே இதை என்னிடம் வந்து குறையாகச் சொன்னார். "அந்தப் பொம்பளை வாயில நெருப்பு வச்சாலும் திறக்காது போல."

ஆனால் இதில் ஒரு சங்கடமும் இருந்தது. என்னைப் பற்றி அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன்னால் பால்மரம் வெட்டியவர், பிள்ளைகள் இல்லை. அவர் அம்மா உயிரோடு இருந்தும் ஒரு தீபாவளிக்குக்கூட அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. 'உனக்கும் அந்தப் பழக்கமா' என்பதுபோல ஒரு பார்வை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சில சமயம், இத்தனை சேதிகளை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு இவர் நம்மையெல்லாம் என்னவென்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் வீட்டுக்காரர் நேர் எதிர். அண்ணன் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். டவுனில் பெரிய துணிக்கடை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். கடையில் யார் வந்தார், முதலாளி என்ன சொன்னார், பெரிய ரோட்டுச் சடக்கில் போலீஸ் எந்தப் பஸ்ஸை நிறுத்தி ஐ.சி. அடையாள அட்டை கேட்டது, எல்லாம் வரும். பசாரிலிருந்து பீசாங் கோரேங், பொரித்த வாழைப்பழம், வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரித்து அக்காவின் முன்னால் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டு கேட்பார். நல்ல ஜோடி என்று நான் நினைத்ததுண்டு. சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, கேட்கத் தெரிந்த ஒருவர்.

அந்த நேரத்தில்தான் டவுனுக்கு எலெக்ஷன் வந்தது.

நகரசபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடவேண்டும் என்றார்கள். எங்களில் யாரும் அதற்கு முன்னால் ஓட்டுப் போட்டதில்லை. கம்யூனிஸ்ட் கலவரக் காலம். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள், கூட்டம் போடுவதென்றால் போலீசிடம் பெர்மிட் வாங்கவேண்டும். இதற்கு நடுவில், கூட்டமாக வாருங்கள், வரிசையில் நில்லுங்கள், உங்களுக்கு யார் வேண்டுமென்று சொல்லுங்கள் என்று அதே கவர்மென்ட் கூப்பிட்டது பலருக்கு நம்பும்படியாக இல்லை.

இங்கேயே பிறந்ததால் எனக்கு ஓட்டு இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான். கப்பலில் வந்த அண்ணனுக்கு இல்லை. முதலில் அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "பாத்தியாம்மா, சீமை ராணியம்மா இவளைத்தான் கேக்குதாம். நான் யாரோ எவனோ," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் எங்கள் வட்டாரத்தில் நிற்கப் போவது அவருடைய முதலாளிதான் என்று தெரிந்ததும் வேடிக்கை போய்விட்டது. எதிரில் நின்றவர் ஒரு சீன டாக்டர். எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருந்தார்.

முதலாளி மோசமானவர் இல்லை. தீபாவளிக்கு வேலையாட்களுக்குத் துணி கொடுப்பார். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பார். ஜெயித்தால் மெர்லிமாவில் ஒரு கிளைக்கடை திறக்கப்போவதாகவும், அண்ணனைத்தான் அங்கே பொறுப்பில் வைக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். அண்ணன் அதை எங்கள் அடுப்படியிலேயே அறிவித்தார்.

"கடைக்கு மேலயே வீடு! இவ பொறந்த தோட்டம் பக்கத்துலதான். அம்மாவைக்கூட கூட்டி வச்சுக்கலாம். என்னா சொல்றே?"

அக்கா தாளிக்க வைத்திருந்த எண்ணெய் புகைந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றார். நான்தான் சட்டியை இறக்கினேன்.

ஓட்டுக்கு முந்தின நாள், ஓட்டு இருக்கிற பெண்களுக்கெல்லாம் முதலாளி வீட்டிலிருந்து ஆளுக்கொரு சேலை வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் முதலாளியின் மோட்டார் காடி சந்து முனையில் வந்து நின்றது. பெண்கள் புதுச் சேலையோடு ஏறிக்கொண்டார்கள். அக்கா தன் பழைய பச்சைச் சேலையில் வெளியே வந்தார்.

"முதலாளி குடுத்தத கட்டலியா?" என்றார் அண்ணன்.

"சாயம் போற துணி."

"எங்க கடைத் துணிடி!"

"அதான் தெரியுதே," என்று அக்கா நடக்க ஆரம்பித்தார். அவரைத் தனியாக விட மனசில்லாமல் நானும் காடியிலிருந்து இறங்கி நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு. மேசைக்குப் பின்னால் ஒரு யுரேசியன் துரையும் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழர்களுக்கு வாத்தியார் விளக்கிச் சொன்னார். மறைப்புக்குள்ளே போய்க் குறி போடுங்கள், மடியுங்கள், பெட்டியில் போடுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

அக்கா நகரவில்லை. "யாருக்குமே சொல்ல வேணாமா?"

"வேணாம்மா."

"போலீஸ் வந்து கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. கேட்டாலும் சொல்ல வேணாம்."

"வீட்டுக்காரர் கேட்டா?"

வாத்தியார் சிரித்துவிட்டார். "கவர்னர் வந்து கேட்டாலும் சொல்லாதீங்கம்மா. அது உங்களுது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கேட்டதே இல்லை. துரை நிமிர்ந்து பார்த்தார். அக்கா காகிதத்தை வாங்கிக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரித் தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

முதலாளி தோற்றார். கொஞ்ச வித்தியாசம்தான். அதுதான் கெடுதலாகப் போயிற்று. நிறைய வித்தியாசத்தில் தோற்றிருந்தால் ஊரையே திட்டிவிட்டு விட்டிருப்பார். கொஞ்சத்தில் தோற்றவருக்கு யார் யார் என்று முகம் முகமாகத் தேடத் தோன்றுமல்லவா? காடியில் ஏறாமல் நடந்து போனது யார், சேலையைக் கட்டாதது யார் என்று கடைக் கணக்குப்பிள்ளை அவர் காதில் போட்டுவிட்டான். நானும் நடந்துதான் போனேன்; ஆனால் புதுச் சேலை கட்டியிருந்தேன். கடையில் எல்லார் முன்னாலும் முதலாளி அண்ணனைக் கேட்டிருக்கிறார். "ஊரு ஓட்ட விடு. ஒன் வீட்டு ஓட்டு எங்கப்பா போச்சு?"

அண்ணன் அன்றைக்குச் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். நான் வாசலில் மெஷினில் இருந்தேன். பலகைச் சுவர், எல்லாம் கேட்டது.

"முதலாளிக்குத்தான போட்டே?"

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் திட்டவா போறேன்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போயி சொல்லிடுறேன்."

"அது சொல்றதுக்கு இல்ல."

"அப்ப டாக்டருக்குப் போட்டியா?"

"அதுவும் சொல்றதுக்கு இல்ல."

"நான் யாரோவாடி உனக்கு?"

அண்ணன் வெளியே வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனுஷன், தையல் ஓடுகிறதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

மறுநாள் துணி துவைக்கிற இடத்தில் நான் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "போட்டேன்னு சொல்லிடுங்களேன் லா. பொய்யா இருந்தாத்தான் என்ன? யாரு பெட்டியத் திறந்து பாக்கப் போறா?"

அக்கா துணியைக் கல்லில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு சொன்னதுதான், அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே சேதி.

"கல்யாணத்துக்கு முந்தி எங்க தோட்டத்துலயும் பெட்டி வந்துச்சு. உனக்குத் தெரியுமா? கம்யூனிஸ்டுக்காரங்க காட்டுலேருந்து வந்து சடக்குல லோரிய எரிச்சிட்டாங்க. மறுநாளு சோல்ஜர் எங்க லயத்து வீடுகளச் சுத்திக்கிட்டான். வீட்டுக்கொரு காகிதம் குடுத்தாங்க. காட்டுக்காரங்களுக்கு யாரு அரிசி குடுக்குறா, எழுதிப் பெட்டியில போடு, பேரு போட வேணாம், யாருக்கும் தெரியாதுன்னாங்க. எங்க வீட்டுல எனக்குத்தான் எழுதத் தெரியும். நான்தான் போட்டேன்."

"என்ன எழுதினீங்க?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அடுத்த வாரம் லோரி வந்து நாலஞ்சு பேர ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. எங்க மாமாவும் அதுல போனாரு. அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. அவரக் கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்பிட்டாங்க. அப்புறம் லயமெல்லாம் ஒரே பேச்சு. நீ என்னா எழுதின, நீ என்னா எழுதின? எல்லாரும் சத்தியம் பண்ணுனாங்க, வெறும் காகிதம்தான் போட்டேன்னு. எல்லாருமே வெறும் காகிதம் போட்டா, மாமா பேர யாருடி எழுதுனது?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதைத் திருகி மூடினார்.

"அம்மா என்கிட்ட கேட்டுச்சு. நான் சொல்லல. அம்மாகிட்ட சத்தியம் பண்ணுனவங்க ஒருத்தரக்கூட அம்மா நம்பல. நான் சொன்னா மட்டும் நம்பிருக்குமா? இன்னிக்கு இவருகிட்ட ஆமான்னு சொன்னா, இன்னிக்கு நம்புவாரு. நாளைக்கு யாராச்சும் ஒண்ணு சொன்னா, மறுபடியும் கேப்பாரு. சொல்லாம இருந்தா, நான் பொய் சொன்னேன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாதுல்ல?"

அது எனக்குச் சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மாமா பேரை எழுதியது அவராகவே இருக்குமோ என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. நினைத்த உடனே வெட்கமாகவும் இருந்ததுண்டு.

முதலாளி விடவில்லை. மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அக்கா சத்தியம் செய்தால் போதும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போனேன். முதலாளி, அவர் தம்பி, கணக்குப்பிள்ளை, வேடிக்கை பார்க்கச் சில பேர். பூசாரிக்கே இது பிடிக்கவில்லை. அம்மனைப் பார்த்துக்கொண்டு தட்டை நீட்டினார்.

"கையை வச்சு சொல்லும்மா," என்றார் முதலாளி. "எனக்குப் போட்டேன்னு சொல்லு. நான் இப்பவே நம்பிட்டுப் போயிடறேன்."

அக்கா கற்பூரத்தைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "உன்னைக் கும்புடுறேன்டி, சொல்லிடு," என்றார். அக்காவின் உதடு ஒருமுறை அசைந்தது. சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

சொல்லவில்லை. கற்பூரம் எரிந்து, நீலமாகி, தட்டில் ஒரு கறுப்புப் புள்ளியாக அணைந்தது. அக்கா விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அண்ணனின் வேலை அந்த மாதமே போயிற்று. பசார் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பாய், அவரை முன்பே தெரிந்தவர், கடையில் சேர்த்துக்கொண்டார். ஆகவே அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அந்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் வருவார், சாப்பிடுவார், படுப்பார். அக்கா வழக்கம்போலச் சமைத்தார், அவர் சட்டையைத் துவைத்துப் போட்டார். பொட்டலம் ஒன்றும் வருவதில்லை.

ஒருநாள் காலை அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு என் கதவுக்கு வந்தார். கான்வென்ட் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலையும் தங்க இடமும் கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"அண்ணன் ஒண்ணும் கேக்கறதில்லையே இப்ப," என்றேன்.

"வாயால கேட்டா பரவால்லம்மா. சொல்ல முடியாதுன்னு சொல்லிடலாம். என்னைப் பாக்கறப்பல்லாம் கேக்கறாரு. அதுக்கு நான் என்னா சொல்ல?"

அண்ணன் மளிகைக்கடைக்கு மேலேயே ஓர் அறைக்கு மாறிப் போனார். இரண்டு பேரும் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஞ்சாயத்துப் பேசி முறித்துக்கொள்ளவும் இல்லை. நாலு சந்து தள்ளி ஒருவர், நாலு சந்து தள்ளி இன்னொருவர். பசாரில் எதிர்ப்பட்டால் அண்ணன் சடக்கைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன். முதலாளி அடுத்த தடவை நின்று ஜெயித்தார். மெர்லிமாவில் கடையும் திறந்தார்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. கப்பலில் வந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த நகரசபை எலெக்ஷனில் நான் அக்காவோடு சேர்ந்துதான் வரிசையில் நின்றேன். அன்றைக்கு அக்கா கான்வென்ட்டில் வேலையை முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தார், வரிசையோ நகரவேயில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டு வெளியே வரும்போது உச்சிவெயில்.

பள்ளிக்கூட வாசலில் அண்ணன் நின்றார். முன்னந்தலை நரைத்திருந்தது, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருக்கு அதுதான் முதல் ஓட்டு. எங்களைப் பார்த்ததும் சடக்கைக் கடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நேராக அக்காவிடம் வந்தார். முகமெல்லாம் பழைய அண்ணன். சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே சேதி சொல்ல வருகிற அண்ணன்.

"நான் யாருக்குப் போட்டேன் தெரியுமா?" என்றார். "நான் சொல்றேன், நீ சொல்ல வேணாம். நான் வந்து..."

அக்கா கையை உயர்த்தினார். "வேணாங்க."

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அவரிடம் அக்காவுக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயிலில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் அண்ணன்தான், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்," என்றார் அக்கா, உடனே.

அண்ணன் தலையை ஆட்டினார். அவர் அதை நம்பினார். அந்தப் பதிலே போதும் என்பதுபோலக் கொஞ்சம் சிரித்தார். "சரி, அப்ப நான் வரேன்," என்று என்னையும் பார்த்துச் சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார். சடக்குத் திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் ஒன்றாக நான் பார்த்ததில்லை.

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்!

அண்ணன் போன பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, எங்கயாச்சும் உக்காந்து எதாச்சும் சாப்புடலாம்," என்றார். "எனக்குப் பசி கண்ணக் கட்டுது."